செவிலியர் பணியும் நோயாளியின் பாதுகாப்பும்: வார்டுக்குள்ளிருந்து சில விவரங்கள்

இந்த ஆண்டு மலருக்கு மருத்துவம் சம்பந்தமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மூட்டுவலி பற்றியெல்லாம் முந்தைய மலர்களில் டாக்டர்களே எழுதிவிட்டார்கள். நான் டாக்டர் அல்ல. 1984ல் நாசரேத் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நர்ஸிங் சான்றிதழோடு ரயிலேறி வந்து, மும்பையில் ஒரு பொது மருத்துவமனையிலும் பிறகு ஒரு தனியார் மருத்துவமனையிலுமாக முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆகவே எனக்குத் தெரிந்த சமாச்சாரத்தையே எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒருவர் பத்திரமாக வீடு திரும்புவதில் நர்ஸின் பங்கு என்ன, அந்தப் பங்கை ஒழுங்காகச் செய்யவிடாமல் குறுக்கே நிற்பவை எவை என்பதுதான் விஷயம்.

நர்ஸ் என்றால் ஊசி போடுகிறவர், மாத்திரை கொடுக்கிறவர், "சிஸ்டர், டிரிப் முடிஞ்சிருச்சு" என்று கூப்பிட்டால் வந்து பாட்டில் மாற்றுகிறவர் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். இது கண்ணுக்குத் தெரிகிற பாதி. தெரியாத மறுபாதி, நோயாளியைப் பார்த்துக்கொண்டே இருப்பது. காலையில் இருந்த முகம் மாலையில் இருக்கிறதா, பேச்சில் குழறல் உண்டா, சிறுநீர் எவ்வளவு போயிற்று, கட்டில் ரத்தம் கசிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கவனிப்பது. டாக்டர் ஒரு நாளில் நோயாளியிடம் நிற்பது சில நிமிஷங்கள். மற்ற நேரமெல்லாம் அவருடைய கண் நர்ஸ்தான். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859ல் எழுதி வெளியிட்ட செவிலியம் பற்றிய நூலில் நோயாளியைக் கவனித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு தனி அத்தியாயம் உண்டு.

வார்டில் ஆள் குறைந்தால் முதலில் கைவிட்டுப் போவது இந்தப் பார்வைதான். ஊசி நிற்காது, மருந்து நிற்காது, டாக்டருடைய ரவுண்டும் நிற்காது. அவை நின்றால் உடனே சத்தம் வரும். பார்வை நின்றால் யாருக்கும் தெரியாது, ஏதாவது நடக்கும்வரை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், மூச்சு ஆகிய நான்கையும் நர்ஸ் சார்ட்டில் எழுத வேண்டும். முதல் மூன்றுக்கும் கருவி இருக்கிறது. மூச்சு எண்ணுவதற்கு மட்டும் ஒரு நிமிஷம் முழுக்க நோயாளியின் மார்பையோ வயிற்றையோ பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முப்பது நோயாளி என்றால் அதற்கே அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் கிடைக்காத வார்டுகளில் என்ன நடக்கும்? சார்ட்டை எடுத்துப் பாருங்கள், எல்லாருக்கும் மூச்சு 20 என்றே இருக்கும்! மும்பையில் மட்டுமல்ல, உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் சரியாக எண்ணப்படாமல் போகிற எண் இதுதான். ஆனால் உடம்பு கெட ஆரம்பிக்கும்போது பல நேரம் முதலில் மாறுவதும் இதே எண்தான்.

குடலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் ஒரு பெரியவர். காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. கேட்டால் "நல்லாதான் இருக்கேம்மா" என்கிறார். சாயங்காலம் 18 ஆக இருந்த மூச்சு ராத்திரி பத்து மணிக்கு 22 ஆயிற்று, இரண்டு மணிக்கு 28. டியூட்டியில் இருந்த என் தோழி ஜூனியர் டாக்டரை எழுப்பினாள். "வலியாக இருக்கும், காலையில் பார்க்கலாம்" என்றார். அவள் விடவில்லை. திட்டு வாங்கிக்கொண்டே மேலே உள்ள டாக்டருக்கும் போன் போட்டாள். உள்ளே தையலில் கசிவு என்று தெரிந்து விடிவதற்குள் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பெரியவர் பிழைத்தார். அன்று அந்த வார்டில் 22 நோயாளிகளுக்கு இரண்டு நர்ஸ் இருந்தார்கள். ஒருத்தி எண்ணுவதற்கு நிற்க முடிந்தது. ஒரே ஒரு ஆள் டியூட்டியில் இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்பதற்கு நம் நாட்டில் கணக்கு இல்லாமல் இல்லை. மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு 1991-92ல் வகுத்தபடி பொது வார்டில் ஆறு படுக்கைக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஒருவர். இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த அளவோ போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற பொது மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பதவி வேறு, படுக்கை அருகில் நிற்கிற ஆள் வேறு. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு நர்ஸ் வாரத்தில் 48 மணி நேரம் வேலை பார்ப்பதாக வைத்தாலும், ஒரே ஒரு ஆள் இரவு பகலாக வார்டில் இருப்பதற்கு மூன்றரைப் பேர் வேண்டும். லீவு, பிரசவ விடுப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்தால் நாலுக்கு மேல் போய்விடும். காலி இடம் நிரப்பாமல் கிடந்தால் கேட்கவே வேண்டாம். இரவு டியூட்டியில் முப்பது நோயாளியை ஒருத்தி பார்ப்பது எங்களுக்கு அதிசயமாக இருந்ததில்லை.

இதனால் உயிர் போகிறதா என்று கேட்டால், அதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் லிண்டா எய்க்கன் என்ற பேராசிரியை தலைமையில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002ல் வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. 2014ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் அதே 7 சதவீதம் வந்தது. முதல் ஆராய்ச்சியில் அவர்கள் முக்கியமாக ஒப்பிட்டது நாலு நோயாளி பார்க்கும் நர்ஸையும் எட்டு நோயாளி பார்க்கும் நர்ஸையும். நம்முடைய முப்பது அவர்கள் கணக்கிலேயே வராது! கலிபோர்னியாவில் 1999ல் சட்டம் போட்டு, 2004 முதல் அமலாக்கி, சாதாரண வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று கொண்டுவந்துவிட்டார்கள்.

படுக்கைப்புண் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். அசையாமல் படுத்திருப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பழைய பாடம். ஒருவரைப் புரட்டி, துடைத்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட இரண்டு பேருக்குப் பத்து நிமிஷம் ஆகும். அப்படி எட்டுப் பேர் வார்டில் இருந்தால் எண்பது நிமிஷம். முடித்துக் கை கழுவுவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். புண் வந்த பிறகு "சிஸ்டர்களுக்கு அக்கறை இல்லை" என்று சொல்வது சுலபம். இதே மும்பையில் அதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே ஒரு ஊழியரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே 18 அன்று இறக்கும்வரை நாற்பத்திரண்டு ஆண்டுகள் அதே மருத்துவமனையின் நர்ஸுகள், தலைமுறை மாறி மாறி, அவருக்கு ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், புரட்டிப் படுக்க வைத்தார்கள். 2011ல் உச்ச நீதிமன்றத்தின் முன் அந்த வழக்கு வந்தபோது, இத்தனை ஆண்டுகளில் அவருக்குப் படுக்கைப்புண் வரவில்லை என்பது எடுத்துச் சொல்லப்பட்டது. நீதிபதிகளும் அந்த ஊழியர்களைப் பாராட்டினார்கள். டியூட்டிக்குப் போன இடத்தில் ஒரு நர்ஸுக்கு என்ன நேரலாம் என்பதும் அதே கதையில் இருக்கிறது. இரவு டியூட்டி முடிந்து தனியாக உடை மாற்றப் போகும்போதெல்லாம் எங்கள் காலத்து நர்ஸுகளுக்கு அந்தப் பெயர் ஞாபகம் வரும்.

இனி மருந்து. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்து 'சரி'களை முதல் வருஷத்திலேயே மனப்பாடம் செய்ய வைப்பார்கள். முதல் 'சரி'யிலேயே நம் தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு.

இங்கே படிவத்தில் குடும்பப்பெயர், சொந்தப் பெயர், தகப்பனார் பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும். நம்மிடம் இருப்பதோ ஒரு இனிஷியலும் ஒரு பெயரும். உதாரணத்துக்கு எஸ். லட்சுமி என்பவரின் எஸ் என்பது சுப்பிரமணியன் என்று விரிந்து, அது குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஏறிவிடும். வார்டில் 'சுப்பிரமணியன்' என்று கூப்பிட்டால் அந்தம்மா எப்படித் திரும்பிப் பார்ப்பார்? அப்பா செத்து இருபது வருஷம் ஆகியிருக்கும்! ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'லட்சுமி எஸ்', ஸ்கேனில் 'சுப்பிரமணியன் லட்சுமி', இன்சூரன்ஸ் அட்டையில் கணவர் பெயரோடு மூன்றாவது மாதிரி. அடுத்த கட்டிலில் இன்னொரு லட்சுமி வந்துவிட்டால் ரத்தம் ஏற்றும் நேரத்தில் நர்ஸுக்கு நெஞ்சு திக்கென்று இருக்கும். அதனால்தான் பெயரோடு ஆஸ்பத்திரிப் பதிவு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. படுக்கை எண்ணை நம்பக்கூடாது. ஃபேனுக்கு அடியில் வேண்டும், ஜன்னல் பக்கம் வேண்டும் என்று சொந்தக்காரர்களே கட்டிலை மாற்றிக்கொண்டுவிடுவார்கள்.

இதோடு இன்னொன்று. "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்கக்கூடாது, "உங்க பேர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். காது மந்தமான பாட்டி எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவார். நாலு தடவை பெயர் கேட்டால் சிலர், "காலையிலிருந்து என் பேரே தெரியாதா இந்த சிஸ்டருக்கு?" என்று கோபப்படுகிறார்கள். தெரியும், தெரிந்தேதான் கேட்கிறோம்.

போனில் வரும் உத்தரவுகளும் அப்படித்தான். ராத்திரி டாக்டர் தூக்கக் கலக்கத்தில் ஹிந்தியில் அளவு சொல்வார். பச்சீஸ் என்றால் 25, பச்சாஸ் என்றால் 50. தெற்கிலிருந்து புதிதாக வந்த பிள்ளையின் காதில் இரண்டும் ஒன்றுபோல விழும். எங்கள் வார்டில் கேட்டதைத் திருப்பிச் சொல்லி, "பாஞ்ச் ஜீரோவா, தோ பாஞ்சா?" என்று ஒவ்வொரு இலக்கமாக உறுதி செய்த பிறகே மருந்தை எடுக்க வேண்டும் என்று மூத்த சிஸ்டர் ஒருவர் பழக்கியிருந்தார். சில டாக்டர்களுக்கு எரிச்சல் வரும். வரட்டும்.

இன்சுலின் விஷயம் வீட்டில் போட்டுக்கொள்பவர்களுக்கும் உபயோகப்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் நாட்டில் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் குப்பியில் இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஊசிக்குழாயும் இரண்டு விதம், 40க்கு உரியதில் சிவப்பு மூடி, 100க்கு உரியதில் ஆரஞ்சு மூடி. 40 யூனிட் புட்டியிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். அதையே மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை எடுத்தால் 50 யூனிட் போய்விடும், அதாவது இரண்டரை மடங்கு. சர்க்கரை சடசடவென்று இறங்கி ஆளே மயங்கிப் போகலாம். கடைக்காரர் கொடுத்த ஊசியை அப்படியே வாங்கி வராமல், புட்டியில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். வார்டில் இதை இரண்டு நர்ஸ் சேர்ந்து பார்த்த பிறகே போட வேண்டும். ஒரே ஒரு நர்ஸ் இருக்கும் வார்டில் அந்த இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது?

பொட்டாசியம் குளோரைடு இன்னும் பயங்கரம். நீர்க்காமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதன் பத்து மில்லி ஆம்பியூல், சில கம்பெனித் தயாரிப்புகளில், ஊசி மருந்து கலக்கும் சுத்த நீர் ஆம்பியூலைப் போலவே இருக்கும். அதனால்தான் அதை வார்டு டிராலியில் வைக்காமல் தனியே பூட்டி வைக்கச் சொல்கிறார்கள்.

இத்தனையையும் அமைதியாகச் செய்ய முடிந்தால் பரவாயில்லை. மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டால் ஐந்தாவது கட்டிலுக்குப் போவதற்குள் போன் அடிக்கும். லேபில் இருந்து ஆள் வருவான், இன்சூரன்ஸ் ஃபைலுக்குக் கையெழுத்து கேட்பார்கள், மௌஷி வரவில்லை என்று பெட்பேன் நர்ஸே வைக்க வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் சில மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும் நர்ஸ், தொந்தரவு செய்யாதீர்கள் என்று எழுதிய சிவப்பு மேலங்கி போட்டுக்கொள்வாராம். இங்கே அப்படிப் போட்டுக்கொண்டால் "இது என்ன எழுதியிருக்கு சிஸ்டர்?" என்று நாலு பேர் நிறுத்திக் கேட்பார்கள்!

பாஷைப் பிரச்சினைக்கு வருகிறேன். பயிற்சியில் ஆங்கிலத்தில் படிக்கிறோம், வீட்டில் தமிழோ மலையாளமோ பேசுகிறோம், நோயாளியிடம் ஹிந்தியும் மராட்டியும் பேச வேண்டும். "கபராஹட் ஹோ ரஹீ ஹை" என்று ஒரு நோயாளி சொன்னால், பயமாக இருக்கிறது என்றுதான் புதிய நர்ஸ் புரிந்துகொள்வாள். "டரோ மத்" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ஆனால் உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்து ஆட்கள் நெஞ்சுப் படபடப்பு, மூச்சுமுட்டல், உடம்பு ஒருமாதிரி பண்ணுவது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். மாரடைப்பின் ஆரம்பமாகவும் இருக்கலாம். தலைகீழாகவும் நடக்கும். நம் ஊர்ப் பாட்டி "நெஞ்சைக் கரிக்குது" என்பதற்கும் "நெஞ்சை அடைக்குது" என்பதற்கும் உள்ள தூரம் மராட்டி நர்ஸுக்கு எப்படித் தெரியும்? இரண்டுக்கும் அவர் நெஞ்சைத்தான் தொட்டுக் காட்டுவார். எத்தனையோ தடவை என்னை வேறு வார்டிலிருந்து கூப்பிட்டு, "உங்க பாஷைதான், என்ன சொல்றாங்கன்னு கேளுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அது என் டியூட்டிப் பட்டியலில் இல்லாத வேலை. போகாமல் இருக்க மனசு வராது.

இப்படி வார்த்தையின் அர்த்தம், டாக்டரின் குரல், மருந்தின் குணம் எல்லாம் பிடிபட ஒரு நர்ஸுக்கு மூன்று நாலு வருஷம் ஆகும். பிடிபட்ட சமயத்தில் அவள் போய்விடுகிறாள், வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ. குறை சொல்ல என்னால் முடியாது. பல தனியார் மருத்துவமனைகள் கொடுத்த சம்பளத்தில் நகரத்தில் வாடகைக்கே காணாது. ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராமல் இழுத்தடித்த இடங்களையும் பார்த்திருக்கிறேன். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம் தர வேண்டும், ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமல்ல, அமல் செய்வது மாநிலங்களின் பொறுப்பு என்று விடப்பட்டது. 2020 மே மாதம் கொரோனாக் காலத்தில் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளில் இருந்த மணிப்பூர் முதலான வெளிமாநில நர்ஸுகள் முந்நூறு பேருக்கு மேல் வேலையை விட்டு ஊர் திரும்பினார்கள். பெருநகர ஆஸ்பத்திரிகள் எவ்வளவு தூரம் வெளியூர்ப் பெண்களை நம்பி நடக்கின்றன என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. நம்மைப் போல பிழைப்புக்கு வந்தவர்கள்தானே அவர்களும்.

சம்பளத்துக்கும் நோயாளியின் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: மேலே சொன்ன தையல் கசிவைக் கண்டுபிடித்த என் தோழிக்கு அப்போது பதினோரு வருஷ அனுபவம். டாக்டர் "காலையில் பார்க்கலாம்" என்றதும் போனை வைத்துவிடாமல் இருக்க அந்தப் பதினோரு வருஷம் தேவைப்பட்டது. முதல் வருஷப் பிள்ளை "சரி சார்" என்று வைத்திருப்பாள்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை சில உண்டு. சொட்டு மெதுவாக விழுகிறது என்று டிரிப்பின் சக்கரத்தை நீங்களே திருப்பிவிடாதீர்கள். 500 மில்லியை நாலு மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமென்றால் சாதாரண டிரிப் செட்டில் நிமிஷத்துக்கு 42 சொட்டு என்று கடிகாரத்தைப் பார்த்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சீக்கிரம் முடியட்டும் என்று திறந்துவிட்டால் இதய நோயாளிக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அட்மிஷன் படிவத்தில் ஆதார் அட்டையில் உள்ளபடியே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பெயர் எழுதச் சொல்லுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர்களைச் சேர்த்தால், வலி, மூச்சு, தண்ணீர், கழிப்பறை என்று நாலைந்து வார்த்தைக்கு ஹிந்தி அர்த்தத்தை ஒரு தாளில் எழுதி நர்ஸிடம் கொடுங்கள், அவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். "இன்னிக்கு அம்மா ஒருமாதிரி இருக்காங்க" என்று உங்களுக்குத் தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். அவருடைய வழக்கமான முகம் உங்களுக்குத்தான் தெரியும், நர்ஸ் அவரை நேற்றுத்தான் பார்த்திருப்பாள்.

கடைசியாக, ஊருக்குப் போய்விட்டு வரும்போது கொண்டுவரும் மாத்திரை. ஊர்க் கடைகளில் அட்டையை வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டு, 'காலை 1, இரவு 1' என்று தமிழில் எழுதிக் கொடுப்பார்கள். மும்பையில் திடீரென்று சேர்க்கும்போது அந்த உறையைத்தான் நீட்டுகிறோம். மாத்திரையின் பெயர் வெட்டிய துண்டோடு போயிருக்கும், எழுத்தும் இங்குள்ள நர்ஸுக்குப் படிக்க வராது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையாக இருந்தால் ஆபரேஷனுக்கு முன் அது தெரிந்தே ஆக வேண்டும். பெயர் அச்சிட்ட பகுதியோடு அட்டையைக் கேட்டு வாங்குங்கள், டாக்டர் சீட்டை செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சென்ற வருஷம்கூட எங்கள் கட்டடத்தில் ஒரு குடும்பத்துக்காக, அப்படி ஒரு உறையை வைத்துக்கொண்டு திருநெல்வேலிக் கடைக்காரருக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட வேண்டியதாயிற்று. நல்லவேளை, எடுத்தார்.